முன்பணம் யார் கையில்? சேலம் முதல் சேர்வராயன் மலை வரை ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்: செவ்வாய்ப்பேட்டை

கூட்டுறவு வாரம் முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. பழைய பேருந்து நிலையத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்து வரும் வழியில் கூட்டுறவின் ஏழு வண்ணக் கொடி இரண்டு மூன்று கட்டடங்களில் இன்னும் இறக்கப்படாமல் இருக்கிறது. மழை தூறிக்கொண்டே இருந்ததால் சாயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சேலத்துக்குக் கொலுசு வாங்க வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுவார்கள். கொலுசு உருவாகிற இடம் வீடுகளுக்குள் இருக்கிறது. இங்கும் சிவதாபுரம், பனங்காடு பக்கமும் முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறைகள் ஏராளம். வியாபாரி கட்டி வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார். பட்டறைக்காரர் உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றி, எடைக்கு எடை திருப்பிக் கொடுக்கிறார். கையில் நிற்பது கூலி. அதோடு பேசிவைத்த சேதாரம்.

இந்த ஏற்பாட்டில் வெள்ளி ஒருபோதும் பட்டறைக்காரருடையது ஆவதில்லை. சொந்தமாக இரண்டு கிலோ வெள்ளி இருந்தால், இந்த வாரம் யார் கூலி அதிகம் தருகிறாரோ அவருக்கு வேலை செய்யலாம், அல்லது தானே செய்து தானே விற்கலாம். அது இல்லாததால் வெள்ளி கொடுத்தவர் சொன்ன கூலிதான் கூலி. வங்கிக்குப் போனால் பில் எங்கே, இருப்பு எங்கே, கடை முகவரி எங்கே என்று கேட்பார்கள். வீட்டு முன்னறைக்கு அந்த மூன்றும் கிடையாது. தெருவைத் தெரிந்த ஒரு நகரக் கூட்டுறவு வங்கி மேலாளர் வேறு விதமாகப் பார்க்க முடியும். மின்கட்டண அட்டையில் ஒரு வருஷத்து யூனிட், கூலி எழுதிய நோட்டு, எத்தனை தீபாவளிக்குப் பட்டறை ஓடியது என்று அக்கம்பக்கத்தார் சொல்கிற வார்த்தை, இவற்றை வைத்தே ஒருவருடைய வரவு செலவைக் கணக்கிடலாம். அதைச் செய்வதற்கு மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து தெருவுக்குள் வர வேண்டும்.

இந்த ஐந்து நாளும் ஊர் ஊராகத் தேடப்போவது இதைத்தான். முன்பணம் கொடுத்தவர்தான் விலை வைக்கிறார். அந்த முன்பணம் ஊராரின் சொந்தச் சங்கத்திலிருந்து, வேண்டிய நாளில் வந்து சேர்கிறதா? வருகிற இடத்தில் அதை வரவைக்கிறவர் யார், என்ன செய்கிறார்?

கேள்வி பழையது. 1892-ல் மதராஸ் மாகாண அரசு விவசாய வங்கிகளைப் பற்றி ஆராய பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய அறிக்கையின் சாரம் இரண்டே சொல்: "ரைபைசனைத் தேடுங்கள்." ரைபைசன் ஜெர்மனியில் சிற்றூர் மேயராக இருந்து, வட்டியில் மூழ்கிய குடியானவர்களைச் சேர்த்துக் கடன் சங்கம் கட்டியவர். ஊருக்கு ஊர் அப்படி ஓர் ஆள் கிடைத்தால் பணம் பின்னால் வரும் என்பது நிக்கல்சனின் கணக்கு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் நான்காயிரத்துக்கும் மேல். சட்டமும் சங்கமும் எல்லா ஊருக்கும் வந்துவிட்டன. ஆள் கிடைத்தது சில ஊர்களுக்குத்தான்.

இரவு மழை விட்டதும் தட்டுவடை செட் கடைகளில் கூட்டம். நாளை ஜவ்வரிசி.

இரண்டாம் நாள், செவ்வாய்: ஜாகீர் அம்மாபாளையம்

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். குச்சியை வெட்டி நட்டு, 9 முதல் 11 மாதம் காத்திருந்து பிடுங்க வேண்டும். கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலையின் வாசலில் விலை எடையை மட்டும் பார்த்துப் போடப்படுவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று சாம்பிள் எடுத்துத் தண்ணீரில் எடைபோட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய், 24 பாயிண்ட் கிழங்கு 7,200. மழை பெய்து வயல் ஈரமாக இருக்கும்போது அவசரப்பட்டுப் பிடுங்கினால் பாயிண்ட் இறங்கிவிடும். அப்படி அவசரமாகப் பிடுங்குகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கடன் தவணை நெருங்கியவர், அல்லது ஆலையிடமோ தரகரிடமோ முன்பணம் வாங்கியவர்.

ஆலைக்காரர்களுக்கும் இதே நெருக்கடி ஒரு காலத்தில் இருந்தது. ஜவ்வரிசியை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். 1981-ல் சேகோசர்வ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது இதற்காகவே. முறை எளிது. உறுப்பினர் ஆலை 90 கிலோ மூட்டைகளாகச் சரக்கைக் கொண்டுவந்து சங்கக் கிடங்கில் இறக்குகிறது. சாம்பிள் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. கிடங்கில் இருக்கும் சரக்கின் மேல் ஆலைக்கு முன்பணம் கிடைக்கிறது. வியாபாரிகள் சாம்பிள் பார்த்து ரகசிய டெண்டர் போடுகிறார்கள். விலை பிடிக்காவிட்டால் ஆலைக்காரர் அன்று கொடுக்காமல் விடலாம். கையில் முன்பணம் இருப்பதால் மூட்டை இன்னும் சில நாள் கிடங்கில் தூங்கலாம்.

அந்தச் சில நாள் தூங்குகிற வசதிதான் கூட்டுறவு நிதியின் உயிர்நாடி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வட்டி அரை சதவீதம் குறைவதை விட, "இன்று விற்க மாட்டேன்" என்று சொல்ல முடிவது ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தும்.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடமும் ஒன்று உண்டு. மக்காச்சோள மாவைக் கலந்தோ, ரசாயனம் போட்டு வெளுத்தோ ஒரு சில ஆலைகளின் சரக்கு உள்ளே வந்தால், டெண்டரில் எல்லாருடைய சரக்குக்கும் சேர்த்து விலை இறங்கும். உறுப்பினரின் சரக்கை உறுப்பினர்களின் சங்கமே திருப்பி அனுப்ப வேண்டும். தேர்தலில் ஓட்டுப் போட்டவரின் லாரியைத் திருப்பி அனுப்புவது எந்த நிர்வாகக் குழுவுக்கும் சங்கடமான வேலைதான். அந்தச் சங்கடத்தைத் தாங்கினால்தான் 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பொருள் இருக்கும்.

நாளை குச்சிக்கிழங்கு விளைகிற பக்கம்.

மூன்றாம் நாள், புதன்: வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் சாலை

ஒரு பக்கம் பாக்குத் தோப்பு, ஒரு பக்கம் குச்சிக்கிழங்கு. பேருந்து நிறுத்தத்தை ஒட்டியே சங்கக் கட்டடம். முன்புறம் ரேஷன் கடை, பக்கத்தில் உரக் கிடங்கு, உள்ளே கடன் பிரிவு. ஊர் பெயரை விட்டுவிடுகிறோம். கீழே எழுதுவது பல சங்கங்களில் பார்த்ததைச் சேர்த்தது.

செயலாளர் மேசைக்குப் பின்னால் ஒரு தினசரி நாட்காட்டி. அதில் பென்சிலால் வட்டம். வட்டத்துக்குள் பெயர் இல்லை, உறுப்பினர் எண் மட்டும். அந்தந்த உறுப்பினரின் தவணைத் தேதிக்கு முப்பது நாள் முன்பு ஒரு வட்டம், பத்து நாள் முன்பு இன்னொன்று. காலையில் வந்ததும் அன்றைய வட்டத்தைப் பார்த்துப் போன் போடுகிறார். "அக்கா, இருபத்தெட்டாம் தேதி தவணைங்க. ஒரு நாள் தள்ளினாலும் வட்டி விழுந்துடும், மறந்துடாதீங்க." அவ்வளவுதான் பேச்சு.

இந்த ஒரு போன் காலின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் உறுப்பினருக்கு வட்டி கிடையாது, அரசு ஏற்கிறது. தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடும். 7 சதவீதம் என்று பிடித்தாலே ஒரு லட்சத்துக்கு ஓராண்டில் 7,000 ரூபாய். இரண்டு ஏக்கர்க்காரருக்கு அது உழவு கூலி. சங்கத்துக்கும் அடி விழுகிறது. தவணை தவறிய பாக்கி ஏற ஏற, மத்தியக் கூட்டுறவு வங்கி இந்தச் சங்கத்துக்குத் தரும் கடன் அளவைக் குறைக்கும். ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்த பருவத்தில் கடன் கிடைக்காமல் போவது இப்படித்தான். கட்டாதவர் மேல் வர வேண்டிய கோபம் செயலாளர் மேல் வரும்.

பயிர்க்கடன் வாங்க என்ன வேண்டும் என்று பலரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாக. முதலில் உறுப்பினர் ஆக வேண்டும், அதற்குப் பங்குத்தொகை உண்டு. பிறகு நில உரிமையைக் காட்டும் சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம். அடங்கலில் என்ன பயிர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் கடன். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. கிசான் கடன் அட்டை விதிப்படி, அந்த அளவை நிலப்பரப்பால் பெருக்கி, வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைக் கருவி பராமரிப்புக்கு 20 சதவீதம் கூட்டலாம். ஏக்கருக்கு 40,000 என்று வைத்தால் இரண்டு ஏக்கருக்கு 80,000, அதோடு 8,000, 16,000. ஆக 1,04,000. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முன்பு அது 1.6 லட்சமாக இருந்தது.

எங்கே தவறுகிறது? முதல் இடம் தவணைத் தேதி. குச்சிக்கிழங்கு பத்து மாதப் பயிர். ஆலை திறந்து, வண்டி கிடைத்து, பணம் கைக்கு வர இன்னும் ஒரு மாதம். தவணையைப் பத்தாம் மாதத்தில் வைத்தால், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே பணம் கட்டச் சொல்வதாகும். கட்ட வேண்டுமே என்று அவர் வெளியே மூன்று வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு, வாங்கிக் கட்டுவார். மறுவாரம் புதுக் கடன் வந்ததும் அதை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார். சங்கப் புத்தகத்தில் வசூல் நூறு சதவீதம். வயலுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. இதற்குச் சங்கங்களில் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். இன்னும் சில இடங்களில் பணமே கைமாறாது, பழைய கடன் வரவு, புதுக் கடன் பற்று, இரண்டும் ஒரே நாளில் ஒரே பேனாவில். ஆண்டறிக்கையைப் பார்க்கிறவர் வசூல் தேதியையும் வழங்கல் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பான்மை உறுப்பினருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் இருந்தால் அந்தச் சங்கம் காகிதத்தில்தான் நடக்கிறது.

இரண்டாம் இடம் உரம். கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி பொருள். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. பருவத்துக்கு முன்பே பரப்பளவைக் கூட்டிப் பார்த்து இத்தனை மூட்டை வேண்டும் என்று செயலாளர் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் எழுதினால் லாரி வருவதற்குள் மேலுரம் இடுகிற நாள் போய்விடும். விவசாயி தனியார் கடையில் கடனுக்கு வாங்குவார், கூடவே தேவையில்லாத பொருளையும் தலையில் கட்டுவார்கள், விளைந்ததும் அந்தக் கடைக்காரர் சொல்கிற ஆளுக்கே கிழங்கைக் கொடுக்க வேண்டி வரும். பாருங்கள், முன்பணம் மூட்டையாகவும் வரும்.

மூன்றாவது காப்பீடு. தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி பங்கு அதிகபட்சம் 5 சதவீதம். கடனிலேயே பிடித்துக்கொண்டு, கடைசித் தேதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு தவறினாலும் இழப்பீடு வராது. மாவுப்பூச்சி தாக்கி வயல் சுருண்டு நிற்கும்போதுதான் அந்தத் தவறு வெளியே தெரியும். தட்டச்சு முடிந்ததும் அச்செடுத்து, உறுப்பினரிடமே காட்டி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகு ஏற்றுகிற சங்கங்கள் உண்டு. ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

பிற்பகல் நகைக்கடன் பிரிவு. சங்கங்களின் அன்றாட வருமானம் பெரிதும் இதை நம்பித்தான் இருக்கிறது. மதிப்பீட்டாளர் வளையலை முதலில் கையில் உருட்டிப் பார்க்கிறார், காதருகே தட்டிப் பார்க்கிறார். உரைகல்லில் இரண்டு இடத்தில் உரைக்கிறார். ஒன்று வெளிப்பக்கம், ஒன்று கொக்கி பற்றவைத்த இடம். பக்கத்தில் தரம் தெரிந்த 22 காரட் ஊசியின் கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டு திராவகம். ஊசிக் கோடு நிற்க, நகைக் கோடு பச்சை தட்டிக் கரைந்தால் கலப்படம். கல், அரக்கு, நூல் எடை கழித்து நிகர எடை எழுதுகிறார். கட்டி வளையலில் சந்தேகம் வந்தால் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோடலாம். 22 காரட் தங்கமாக இருந்தால் 24 கிராம் வளையல் தண்ணீருக்குள் சுமார் 1.35 கிராம் குறைவாகக் காட்டும். உள்ளே செம்பு இருந்தால் குறைவு இதைவிடத் தெளிவாகக் கூடும். உள்ளே பொத்தலான நகைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அடகு வைத்த நகை, பையில் போட்டு, சீட்டு கட்டி, முத்திரையிட்டு இரட்டைப் பூட்டுப் பெட்டகத்துக்குள் போகிறது. இரண்டு சாவி, இரண்டு பேர். பல ஊர்களில் மோசடி நுழைகிற வாசல் இங்கேதான். "நான் கல்யாணத்துக்குப் போகிறேன், சாவியை நீயே வைத்துக்கொள்" என்று ஒரு நாள் ஆரம்பித்து, இரண்டு சாவியும் ஒருவர் இடுப்பிலேயே தங்கிவிடும். 2021-ல் 5 சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காக நடந்த ஆய்வில், கவரிங் நகைக்குக் கடன், நகையே இல்லாத பைக்குக் கடன் என்று மாநிலத்தின் சில சங்கங்களில் வெளிவந்தது பலருக்கு நினைவிருக்கும். தடுக்கும் முறை ரகசியமானதல்ல. மாதம் ஒருமுறை பை எண்ணிக்கையைப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். சில பைகளைக் குறிப்பின்றி எடுத்து வேறு சங்கத்து மதிப்பீட்டாளரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்ய வேண்டும். தலைவரின் உறவினர் பையும் அதில் வர வேண்டும். தவறினால் 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணை, 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை. இழப்பைப் பொறுப்பாளரின் சொந்தச் சொத்திலிருந்து வசூலிப்பது என்று பொருள். ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், ஊரில் நம்பிக்கை போயிருக்கும்.

இன்னொன்றும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் நகரக் கூட்டுறவு வங்கியிலும் போடும் வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கச் சங்கத்தில் போடும் வைப்புக்கு அது கிடையாது. அங்கே காப்பீடு என்பது செயலாளரின் நாணயமும், நிர்வாகக் குழு கேட்கிற கேள்வியும், தணிக்கையும்தான். ஆகவே ஆண்டுப் பொதுக்குழுவில் டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்கு முடிந்தது, என்ன வகுப்பு கிடைத்தது? தவணை தவறிய பாக்கி மொத்தக் கடனில் எத்தனை சதவீதம்? வைப்பில் எவ்வளவு மத்திய வங்கியில் ரொக்கமாக எடுக்கும்படி இருக்கிறது? கேட்கிறவர் ஓட்டுரிமையுள்ள உறுப்பினராக இருக்க வேண்டும். நகைக்கடனுக்காக மட்டும் இணை உறுப்பினர் ஆனவருக்கு ஓட்டு இல்லை. அவர்களில் பெண்கள் நிறைய. பங்குத்தொகை கட்டி முழு உறுப்பினர் ஆகத் தகுதி உள்ளவர்களை அப்படி மாற்றிவிடுவதை ஒரு தலைவர் தன் வேலையாகவே எடுத்துச் செய்ய வேண்டும்.

தேர்ந்தெடுத்த குழு இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் வருகிறார். ஒருவரே பல சங்கங்களைப் பார்க்கும்போது கோப்பில் கையெழுத்து விழும், ஊர் தெரியாது. அந்த மாதங்களில் சங்கத்தின் தலைமை நடைமுறையில் செயலாளரின் நாட்காட்டிக்குள்தான் இருக்கிறது.

தள்ளுபடியைப் பற்றியும் சொல்லாமல் நகர முடியாது. 2006, 2016, 2021 என்று மூன்று முறை கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. வறட்சியில் வீழ்ந்தவருக்கு அது உயிர் கொடுத்தது, மறுக்க மாட்டோம். ஆனால் தவணைக்கு முன்பே நகையை விற்றுக் கட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அவசரப்பட்டுக் கட்டிட்டேனேங்க" என்று அவர் சொல்வதற்குச் சங்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த தேர்தல் நெருங்கும்போது வசூல் தானாகவே சுணங்கும். நல்ல செயலாளர்கள் அந்தப் பருவத்தில் நாட்காட்டியில் வட்டத்தை இரண்டு மடங்காக்குகிறார்கள்.

நான்காம் நாள், வியாழன்: ஏற்காடு

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுக்கு மேல் மூடுபனி. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிய நேரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பெரிய எஸ்டேட்டுகள் சாலையோரத்தில் தெரிகின்றன. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகளின் சிறு தோட்டங்கள் நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் போன்ற ஊர்ப் பக்கம் உள்ளே இருக்கின்றன. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகு, கீழே காப்பி, நடுவில் பலா.

மலையில் கடன் சங்கத்தின் பெயர் வேறு. மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், ஆங்கிலச் சுருக்கத்தில் லேம்ப். கடன், ரேஷன், விளைபொருள் விற்பனை மூன்றையும் ஒரே கூரைக்குள் வைப்பது இதன் நோக்கம். நல்ல யோசனை, ஏனென்றால் இங்கே கடனும் விற்பனையும் பிரிந்தால் நடுவில் வியாபாரி வந்து உட்கார்ந்துகொள்வார்.

காப்பியின் ஆண்டு இப்படி. மார்ச், ஏப்ரலில் பூ மழை. அதன்பின் உரம், நிழல் கவாத்து, களை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கையில் காசு இல்லாத மாதங்கள், பள்ளிச் செலவும் அப்போதுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு. வியாபாரி ஆடியில் முன்பணம் கொடுக்கிறார். செடியில் நிற்கிற பழத்துக்கு அன்றே விலை முடிந்துவிடுகிறது. டிசம்பரில் சந்தை எவ்வளவு ஏறினாலும் அது அவருடைய லாபம்.

முன்பணம் வாங்காதவருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பழமாகவே விற்பதா, காயவைத்து விற்பதா? ஏறக்குறைய 6 கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். காயவைக்க இரண்டு வாரம் வேண்டும். களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஈரம் 11 சதவீதத்துக்கு வந்தால் போதும். கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கிலுகிலுவென்று ஆடும், அதுதான் இங்கே மீட்டர். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சணம். இத்தனை வேலையும் தெரிந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் பறிப்புக் கூலி வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலிக்காக ஈரப் பழத்தையே அன்று மாலை விற்றுவிடுகிறார்கள்.

இங்கே தேவைப்படுவது பெரிய கடனே இல்லை. டிசம்பர் முதல் வாரம் பறிப்புக் கூலிக்கு ஒரு தொகை, காய்ந்த மூட்டையைச் சங்கக் கிடங்கில் வைத்ததும் அதன் மேல் இன்னொரு தொகை, விற்றதும் இரண்டையும் பிடித்துக்கொண்டு மீதி. ஜவ்வரிசி ஆலைக்காரருக்குக் கிடங்கில் கிடைக்கிற அதே வசதி. இதே கடன் மார்ச்சில் ஒப்புதலாகி வந்தால் கல்யாணச் செலவுக்குப் போகும், டிசம்பரில் மறுபடி வியாபாரி. கோப்பு நகர்கிற வேகத்தைப் பார்த்து, பழம் சிவப்பதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்புவதுதான் மலைச் சங்கத் தலைவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை.

பட்டா இல்லாத நிலம் இன்னொரு தடை. பட்டா இல்லையென்றால் சிட்டா இல்லை, அதனால் பயிர்க்கடன் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் உரிமைப் பத்திரம் பெற வழி இருக்கிறது. கிராம சபைத் தீர்மானம், வரைபடம், சாட்சி என்று அதற்கு நீண்ட வேலை. கடன் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இந்த வேலை எங்கும் இல்லை. செய்கிற செயலாளர் ஊருக்கு வாய்த்தால், இரண்டு ஆண்டுக்குப் பிறகு சங்கத்தின் கடன் பட்டியலில் புதுப் பெயர்கள் வரும்.

ஐந்தாம் நாள், வெள்ளி: மலைக் கிராமம், மகளிர் குழு

காலை பத்தரைக்குக் குழுக் கூட்டம், பள்ளிக் கட்டடத் திண்ணையில். பதினைந்து பேர். இந்தப் பக்கத்துக்குக் குழுக்கள் சீக்கிரமே வந்துவிட்டன. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92-ல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. குழுக்களுக்கு வங்கிக் கடன் தரும் வங்கி இணைப்பை வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு முன்னோட்டமாகத் தொடங்கியது அதையடுத்து 1992-ல்.

கூட்டத்தின் வரிசை மாறாது. வருகை, போன கூட்டத் தீர்மானம் வாசிப்பு, சேமிப்பு, கடன் திருப்பம், புதுக் கடன் கோரிக்கை, கையிருப்பு எண்ணுவது. ஒவ்வொருவரும் பணத்தை வட்டத்தின் நடுவில் இருக்கும் தட்டில் வைத்து, தொகையைச் சத்தமாகச் சொல்கிறார். எழுதுகிற பெண் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுகிறார். படிக்கத் தெரியாதவருக்கு அந்தத் திருப்பிச் சொல்வதுதான் தணிக்கை. அது நின்றுபோன குழுக்களில்தான் புத்தகத்துக்கும் தட்டுக்கும் வித்தியாசம் விழும்.

மாதம் 200 ரூபாய் வீதம் பதினைந்து பேர், இரண்டு ஆண்டில் 72,000. வங்கி முதல் கடனாகத் திரண்ட மூலதனத்தின் 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், எது அதிகமோ அதைத் தரலாம். இங்கே 4.32 லட்சம் வரை வரும். 10 லட்சம் வரை அடமானம் கிடையாது. பிரச்சினை பெரும்பாலும் கடன் வந்த அன்றுதான். பதினைந்தால் வகுத்துச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பழக்கம். மாட்டுக்கு 45,000 வேண்டியவருக்கும் 28,800, ஒன்றும் வேண்டாதவருக்கும் 28,800. வேண்டாதவர் அதைத் தெரிந்தவருக்கு வட்டிக்கு விடுகிறார். போதாதவர் வாரத் தவணைக் கம்பெனியிடம் போகிறார், அப்புறம் ஒரே கிழமையில் இரண்டு தவணை. தேவைக்கேற்பப் பிரிக்க, "உனக்கு இந்த முறை வேண்டாம்மா" என்று சொல்ல வல்ல ஊக்குநர், அதாவது குழுத் தலைவி, வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்திலும் அதே திண்ணையில் அவர் உட்கார வேண்டும்.

ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் சுழற்சியில் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து ஆண்டு ஒருவரே இருப்பதற்கு எல்லா ஊரிலும் ஒரே காரணம் சொல்வார்கள்: "அவங்களுக்குத்தான் பேங்க்ல பேசத் தெரியும்." இந்தக் குழுவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் வங்கிக்குப் போகும்போது புதிதாக ஓர் உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பணம் கட்டும் சீட்டை அவர்தான் நிரப்ப வேண்டும். இன்று போக வேண்டியவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். தொகையை எண்ணில் எழுத வைத்து, எழுத்தால் எழுதுவதற்கு மட்டும் பக்கத்தில் இருந்த பெண் உதவினார். மூன்று சீட்டு கிழிந்தது, நான்காவது சரியாக வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கையிருப்பு எண்ணினார்கள். 6,350 ரூபாய். அதில் 6,000 மிளகுக் கொடிக்குக் கவாத்துக் கூலி கேட்ட ஒருவருக்கு அங்கேயே கொடுக்கப்பட்டது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, தை கடைசியில் திருப்பம், தீர்மானப் புத்தகத்தில் எல்லார் கையெழுத்தும் ரேகையும். மீதி 350 வங்கியில் கட்ட. சீட்டு நிரப்பியவர் சேலைத் தலைப்பில் அதை முடிந்துகொண்டு, ஒன்றே முக்கால் பேருந்துக்கு ஏற்காடு வங்கிக்குக் கிளம்பினார். நாங்கள் குப்பனூர் வழியாகக் கீழே இறங்குகிறோம்.